கிருத்திகைக்கு மறுநாள் அறுந்த பெல்ட்

அறுந்த ஃபேன் பெல்ட்டால் மனிதன் முதுகில் அடித்தால் எப்படிச் சத்தம் வரும் என்பது எனக்குத் தெரியும். சுளீர் என்று வராது. ஈரத் துணியைக் கல்லில் அறைவது போல மொத்தென்று விழும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், காலை பத்து மணிக்கு, கொடைக்கானல் கடைத்தெருவில் நான் வேலை பார்த்த பட்டறை வாசலில் அதைக் கேட்டேன். அடித்தவர் பட்டறைக்கு வந்த ஒரு காரின் முதலாளி. அடி வாங்கியவர் அவருடைய டிரைவர், என் அக்காள் புருஷன். நான் கையில் ஸ்பேனரோடு நின்றிருந்தேன். அது நல்ல கனமான ஸ்பேனர். எனக்கு இருபத்தாறு வயது, எருமைக்கடா போல உடம்பு. ஆனாலும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

முதலாளி பூண்டி, மன்னவனூர் பக்கம் விளையும் பூண்டை மொத்தமாக வாங்கி வத்தலக்குண்டுக்கு அனுப்புகிற வியாபாரி. சீசனில் வருகிறவர்களை ஏற்றி இறக்க ஒரு பழைய சீமைக் காரும் வைத்திருந்தார். அந்தக் காலத்துக் காரில் ரேடியேட்டர் விசிறிக்கு மின்சாரம் கிடையாது. இஞ்சின் ஓடும்போது ஒரு ரப்பர் பெல்ட் சுற்றும். விசிறியையும் தண்ணீர் பம்பையும் அதுதான் சுற்ற வைக்கும். பெல்ட் போனால் மலை ஏறும்போது பத்து நிமிடத்தில் தண்ணீர் கொதித்துவிடும். இந்தக் காருக்கு மாதம் தவறாமல் பெல்ட் போனது. மலைப்பாதையில் ஒரு முறை டம்டம் பாறையில், ஒரு முறை ஊத்து கிராமத்துக்கு மேலே. புதுசு போட்டால் அடுத்த மாதம் அதுவும் போகும். வண்டியில் இருப்பவர்கள் குளிரில் இறங்கி நிற்பார்கள். அத்தான் இஞ்சின் ஆறும்வரை அரை மணி நேரம் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. சோம்பேறித்தனத்துக்கு இவனே பெல்ட்டை அறுத்துவிடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"ஏலே, பீடி குடிக்கவால ஒனக்கு வண்டி குடுத்தேன்? கத்தி வச்சு அறுக்கியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அத்தான் இரண்டு கையாலும் பானெட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் அறுக்கலங்க முதலாளி, சாமி சத்தியமா அறுக்கலங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. வேலை போனால், அத்தான், அக்காள், நான் மூவரும் இருந்த, முதலாளி கொடுத்திருந்த ஒற்றை அறையும் போகும். அக்காளுக்கு அப்போது ஆறு மாதம். இன்னொரு பெல்ட் அறுந்தால் மூவரும் தெருவில்தான் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

அன்று மத்தியானமே காரைப் பிரித்துப் போட்டேன். கோபம் முழுவதையும் போல்ட்டுகள்மேல் காட்டினேன். இரண்டு போல்ட் தலை உடைந்தது. விசிறியின் பேரிங் சரியாக இருந்தது. பெல்ட் ஓடுகிற சக்கரங்களான புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் நின்றன. பெல்ட்டின் இறுக்கமும் சரி. கத்திக் காயமும் இல்லை. பெல்ட் ஊறி, உப்பி, ஓரம் பிரிந்து அறுந்திருந்தது. கடைசியில் புல்லியின் பள்ளத்தில் விரலை விட்டுத் துடைத்தேன். வழவழவென்று வந்தது. இஞ்சின் ஆயிலாக்கும் என்று மோந்து பார்த்தால் நல்லெண்ணெய் வாசனை. அதில் சந்தனம் வேறு கலந்திருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதலாளி பழனி முருகன் பக்தர். மாதா மாதம் கிருத்திகைக்கு வெள்ளனே குளித்து, ஈர வேட்டியோடு ஷெட்டுக்குள் போய்க் காருக்குப் பூசை போடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். கறி தின்கிறவர்கள் என்று எங்களை அந்த நேரத்தில் பக்கத்தில் விடமாட்டார். நாங்கள் பார்த்ததெல்லாம் பானெட்டின்மேல் இருந்த பட்டையும் பொட்டும்தான். சாமி சிலைக்குச் சாத்துவது போல இஞ்சினுக்கும் எண்ணெய்க் காப்பு சாத்துகிறார், சுற்றுகிற இடமெல்லாம் தேடித் தேடித் தடவுகிறார் என்பது யாருக்குத் தெரியும்? எண்ணெய் பட்ட ரப்பர் பெல்ட் பிடிப்பில்லாமல் வழுக்கும், சூடேறும், ஊறும், அறுந்துபோகும். எந்தெந்த நாளில் அறுந்தது என்று அத்தானிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எல்லாம் கிருத்திகைக்கு மறுநாள், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த நாள்.

நான் போய் முதலாளியிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பு கன்னத்தில் அறை விழுந்தது. "முருகன் பேரச் சொல்லிச் சாத்துன எண்ணெய் வண்டியக் கெடுக்குமால? அக்கா புருஷனுக்குச் சப்பைக்கட்டு கட்ட வந்துட்டான். வாற கிருத்திகைக்கு நானே காப்பு சாத்தி, நானே வண்டில வாரேன். நீயும் ஏறு. எவன் அறுக்கான்னு பாத்துருவோம்" என்றார். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. புது பெல்ட்டை மாட்டி, புல்லியைப் பெட்ரோலில் கழுவிக் கொடுத்தேன்.

கிருத்திகைக்கு மறுநாள் மூவரும் வத்தலக்குண்டு போய்த் திரும்பினோம். அந்த முறை வீம்புக்கென்று இரண்டு மடங்கு எண்ணெய் சாத்தியிருந்தார். இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை, சிரித்துக்கொண்டே வந்தார். ஏறும்போது டம்டம் பாறை தாண்டியதும் பெல்ட் கீச்சென்று அழ ஆரம்பித்தது. இரண்டு வளைவு கழித்துச் சத்தம் நின்றது. பானெட் ஓரத்தில் ஆவி சீறியது. அத்தான் வண்டியை ஓரம் கட்டினார்.

முதலாளிதான் முதலில் இறங்கினார். பானெட்டைத் தூக்கியவர், அறுந்து கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். அவர் எண்ணெய் தடவியது, அதன்பின் நாங்கள் தொடாதது. அந்த முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தோற்றுப்போன முகம் இல்லை, யாரையாவது கொன்றுவிடத் துடித்த முகம். "வெரசா தண்ணிய ஊத்துங்கலே. நிக்கிறானுக பாரு" என்று கத்தினார். "ஆறட்டுங்க முதலாளி" என்றுகூட நாங்கள் சொல்லவில்லை. அவர் தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைப் பிடித்தார்.

கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் ஒருவன் மெக்கானிக்காகவோ டிரைவராகவோ இருக்க முடியாது. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். யாரும் யார் வாயையும் பொத்தவில்லை. முதலாளி மூடியைத் திருகுவதற்கு எடுத்த நேரத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

தண்ணீர் ஆளுயரம் எழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் பாறைமேல் இருந்த குரங்குகள் எல்லாம் கலைந்து ஓடின. முகத்தைப் பொத்திய துண்டை எடுத்தபோது தோலும் அதோடு வந்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கை கால் வந்தது. கீழே சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய உருளைக்கிழங்கு லாரி ஒன்றை மறித்து ஏற்றினோம். மலை ஏறி முடியும்வரை அத்தான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லங்க முதலாளி, வந்துட்டோம், வந்துட்டோம்" என்று அழுதார். அழுகை பொய்யில்லை.

முதலாளி பிழைத்தார். ஒரு கண் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்த அன்று சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இவனுக ரெண்டு பேரும், தொடாதீங்க முதலாளி, தொடாதீங்கன்னு தொண்ட கிழியக் கத்துனானுக. என் காதுல நல்லா விழுந்துச்சு. நாந்தான் கேக்கல."

அதன் பிறகு அவர் யாரையும் அடித்ததில்லை, காருக்கு எண்ணெய் சாத்தியதும் இல்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சாகும்வரை சொன்னார். ஒரு முறை நான் பொறுக்க முடியாமல், "உண்மையச் சொல்லிருவமா அத்தான்?" என்று கேட்டேன். "அவருக்குக் கேட்டுருக்கு மாப்ளே. கெடக்கட்டும்" என்றார். இப்போது அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போதெல்லாம் கார் விசிறி சூடு தெரிந்து தானாகச் சுற்றுகிறது. பெல்ட்டைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. போன மாதம் பேரனோடு மலை ஏறும்போது, ஒரு வளைவில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாலிபன் நின்றிருந்தான். ஆவி பறக்கிறது, அவன் கை மூடிமேல் இருக்கிறது. ஓடுகிற வண்டியில் இருந்தே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தொடாதீங்க, தொடாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பேரன் பயந்து பிரேக் போட்டுவிட்டான். அந்த வாலிபன் திரும்பிப் பார்த்துச் சட்டென்று கையை எடுத்தான். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.