எந்தப் பெருநாளுக்குச் சமைப்பது?

துமினாவிடம் தேதி கேட்டுப் பயனில்லை. அடுப்பை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். வெள்ளைக் கஞ்சி கொதித்தால் முஹர்ரம் பிறந்துவிட்டது. அரிசிமாவு அப்பம் சுட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுத்தால் இறந்தவர்களை நினைக்கும் மாதம், நோன்பு நெருங்குகிறது. தென்னங்குருத்தைக் கீறிக் கூடு முடைந்து, அதில் அரிசி போட்டு அவித்தால் நோன்புப் பெருநாள். செமாராங் நகரத்தின் அந்தச் சந்தில் பாதிப் பேர் காலண்டரை நம்பினார்கள், மீதிப் பேர் துமினாவை நம்பினார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்தக் கர்வம்தான் வினையாக முடிந்தது. மருமகள் லாராஸின் வீட்டார் கணக்குப் போட்டுப் பெருநாளைக் குறிப்பவர்கள். துமினா வீட்டாருக்கோ பிறை தெரிந்தாக வேண்டும். சில வருஷம் இரண்டும் ஒரே நாளில் வரும், சில வருஷம் வராது. இரண்டு வருஷத்துக்கு முன் அப்படித்தான் வேறு வேறு நாளில் வந்தது. தங்கள் பெருநாளன்று லாராஸ் புத்தாடையோடு வந்து நின்றபோது, நோன்பிலிருந்த துமினா, "இன்னிக்கு இந்த வீட்டுல பண்டிகை இல்ல, நாளைக்கு வா" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். மகன் ஜார்வோ அவளை ஏற்றிக்கொண்டு பைக்கைத் திருப்பினான். மறுநாள் வரவில்லை. போன வருஷமும் வரவில்லை.

இந்த வருஷம் ஜார்வோவிடமிருந்து போன் வந்தது. "பெருநாளைக்கு வர்றோம்மா, லாராஸும் வர்றா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். துமினாவுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கள் சாயங்காலம் கூடுகள் வெந்துகொண்டிருந்தபோதுதான் டிவியில் சொன்னார்கள்: பிறை தெரியவில்லை, பெருநாள் புதன்கிழமை. லாராஸ் வீட்டுக்கோ செவ்வாய்.

"எந்தப் பெருநாளைக்கு வர்றான்? அவங்களோடதா, நம்மளோடதா?" என்று கணவர் காஸ்தியைப் பிடித்து உலுக்கினாள்.

"போன் பண்ணிக் கேளேன். உனக்கு வாய்க்கா பஞ்சம்?"

"எந்த நாள்னு கேட்டா, 'உங்க நாள்ல வராதே'ன்னுதான் அவ காதுல விழும்."

"சரி, நான் கேக்கறேன்."

"நான்தான் கேக்கச் சொன்னேன்னு நெனப்பா. நீங்க சும்மா இருங்க."

காஸ்தி சும்மா இருந்தார். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

கடைசியில் செவ்வாய்க்கே சமைப்பது என்று துமினா முடிவெடுத்தாள். அன்று நோன்பு வேறு. தேங்காய்ப்பால் ஊற்றிக் கோழி வைத்தாள். உப்பு, காரம் எதுவும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. நுனி நாக்கில் பட்டால் தப்பில்லை என்பார்கள். அவளுக்கு மனம் வரவில்லை. மனம் வேறு எதையெல்லாமோ குடைந்துகொண்டிருந்தது. அவர்கள் வந்தால் கூட உட்கார்ந்து சாப்பிட முடியாது. சாப்பிடாவிட்டால் மறுபடி அவமதித்ததாகுமோ? பெருநாள் வழக்கப்படி இளையவர்கள் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டால், தன் பெருநாளே வராத அன்று தான் கொடுக்கிற மன்னிப்பு செல்லுமோ, செல்லாதோ? அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை.

மத்தியானம் வரை பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். யாரும் வரவில்லை. குழம்பைச் சூடுபண்ணினாள். மறுபடி சூடுபண்ணினாள். நோன்பு திறக்கும் நேரமும் வந்தது, இனி வரமாட்டார்கள் என்று முடிவுகட்டினாள். அடுத்த வீட்டு ருக்மியைக் கூப்பிட்டு, கோழி, கூட்டில் அவித்த சோறு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"நாளைக்கு நமக்கு?" என்றார் காஸ்தி.

"ரெண்டு முட்டையப் பொரிச்சுத் தின்னுங்க."

புதன்கிழமை தொழுகை முடிந்து திரும்பினால், வாசலில் பைக் நிற்கிறது. ஜார்வோ படியேறிவிட்டான். லாராஸ் மட்டும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"நேத்தே வரலாம்னு இவரு சொன்னாரும்மா. நான்தான் உங்க நாள்ல வரணும்னு இருந்துட்டேன்."

மருமகளின் நாளுக்காகத் துமினா சமைத்திருக்கிறாள். மாமியாரின் நாளுக்காக அவள் காத்திருந்திருக்கிறாள். இதில் யார் மேல் கோபப்படுவது என்றே விளங்கவில்லை. துமினா அவளை உள்ளே அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்ததும், மன்னிப்புக் கேட்க லாராஸ் வழக்கப்படி மாமியாரின் முழங்காலில் நெற்றி வைக்கக் குனிந்தாள். துமினா தோளைப் பிடித்துத் தடுத்தாள்.

"நீ கேக்காதே. அன்னிக்கு உன்னை வாசல்லயே நிறுத்துனவ நான். நீ என்னை மன்னிச்சிரும்மா."

மூத்தவள் முதலில் மன்னிப்புக் கேட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. லாராஸ் அழுதாள். அதைப் பார்த்து துமினாவும் அழுதாள். அதற்குள் ஜார்வோ அடுக்களைக்குப் போய்ச் சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு வந்தான்.

"என்னம்மா இது? பெருநாளும் அதுவுமா வெறும் சட்டி?"

துமினா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தெருவுக்கெல்லாம் கொடுத்தே பழகியவள், ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ருக்மி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என்னக்கா, குடுத்ததத் திருப்பிக் கேக்கவா வந்தீங்க?" என்று சிரித்தாள் ருக்மி.

"ஆமாடி, வெக்கத்த விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். மிச்சம் இருக்கறதப் போடு. என் மருமக பசியோட உக்காந்திருக்கா."