நடுவில் கட்டிய ஐந்து அறைகள்

தேனீப் பெட்டி வந்த அன்றே எண்ணத் தொடங்கிவிட்டேன். உள்ளே மரச் சட்டங்கள் ஐந்து. அவற்றில் அடை கட்டியிருந்தவை நான்கு. ஒரு நிமிடத்தில் வாசலுக்குள் நுழைந்த தேனீக்கள் முப்பத்தெட்டு. ஆலை ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் இருப்பு எடுத்தவன் நான். எண்ணாத பொருள் என் பொறுப்பில் இருப்பதாகவே எனக்குத் தோன்றாது.

அக்ரஹாரத்தில் எங்கள் மொட்டைமாடியில் வெள்ளரிக் கொடிகள் வைத்திருந்தேன். பூக்கள் உதிர்ந்தன, காய் நிற்கவில்லை. அதற்காகத்தான் தேனீ வாங்கினேன். கொடுத்தவர் ஹனூர்ப் பக்கம் விவசாயம் செய்யும் ஒரு தமிழ்ப் பெண்மணி. பெட்டியைத் துணியில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

“வாரத்துக்கு ஒருக்கா தொறந்தாப் போதுமுங்க ஐயா. அதுங்களும் குடித்தனம் பண்ணோணுமில்ல?” என்றார்.

நான் தினமும் திறந்தேன். என் மனைவி மாடிப்படியிலிருந்தே, கன்னடம் கலந்த தன் தமிழில் குரல் கொடுப்பாள். “ஏங்க, சும்னே விடுங்க அதுங்கள. ரேஷன் கார்டுல பேர் சேர்க்கப் போறீங்களா, தலை எண்ணிட்டே இருக்கீங்க?”

பதினோராம் நாள் மூன்றாவது சட்டம் என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அடையின் மூலை ஒடிந்தது. பதினோரு இடத்தில் கொட்டு வாங்கினேன். நாளுக்கு ஒன்று என்று அப்போது சிரிக்கக்கூட முடிந்தது. தரையில் நசுங்கிக் கிடந்தவை இருபத்துமூன்று. எண்ணினேன், விளக்குமாற்றால் சாக்கடைத் துவாரத்தில் தள்ளினேன். ஒவ்வொன்றையும் குனிந்து பார்க்கவில்லை. ராணி மற்றவற்றைவிட நீளமாக, கருத்து இருக்கும். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கை வீங்கியதால் ஒன்பது நாள் பெட்டியைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் திறந்தபோது ஓர் அடையின் நடுவில், நிலக்கடலை போல ஐந்து அறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. கைபேசியில் பார்த்த வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தார்: இவை புது ராணிக்கான அறைகள், இவற்றைக் கண்டால் கூட்டம் பிரிந்து பறந்துவிடப் போகிறது என்று பொருள், உடனே வெட்டிவிடுங்கள். சமையலறைக் கத்தியை எடுத்து வந்து ஐந்தையும் வெட்டினேன். உள்ளே பாலில் ஊறியது போல வெள்ளைப் புழுக்கள். கூட்டத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் பெட்டியின் ஓசை மாறியது. முன்பிருந்த சீரான ரீங்காரம் போய் ஒரு முனகல். மனைவிகூட, “மேல ஏதோ அழற மாதிரி கேக்குது” என்றாள். முட்டை ஒன்றுகூட இல்லை. பிறகு ஒரு காலை, திடீரென்று எங்கும் முட்டைகள். வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை எண்ணினேன். அறுபத்துநான்கு அறைகளில் நூற்றைம்பத்தொன்று. உடனே பெட்டி கொடுத்த அம்மாளுக்குப் போன் செய்தேன்.

“ராணி பிரமாதமா முட்டை வைக்குதும்மா. ஒரு அறைக்கு ரெண்டு, மூணு! சிலதுல நாலு!”

“ஒரு குழிக்கு மூணுங்களா?” என்று கேட்டார். “தொடாதீங்க. நாளைக்கு வர்றனுங்க.”

வந்து பார்த்தார். பார்த்த வேகத்திலேயே மூடினார். ராணி ஓர் அறைக்கு ஒரு முட்டைதான் வைக்கும். ராணி போய் நாளானால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும், அவற்றிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே வரும், அவை பூவுக்குப் போகாது, இருக்கிற தேனைத் தின்றே தீர்க்கும் என்று விளக்கினார். நான் ஐந்து அறைகளைப் பற்றிச் சொன்னேன்.

“அடையோட கீழ் ஓரத்துலங்களா, நடுவுலங்களா?”

“நடுவுல.”

“ஓரத்துல கட்டுனா பறக்கறதுக்குங்க. நடுவுல கட்டுனா ராணி செத்துப்போச்சுன்னு அவசரத்துக்குக் கட்டறதுங்க. அஞ்சுல ஒண்ண விட்டிருந்தாலும் போதுமுங்களே, ஐயா.” பின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஸ்டோர்ஸ்காரருன்னு சொன்னீங்களே, ஸ்டாக்க இப்படியா காலி பண்ணுவீங்க?” என்றார். நான் சிரிக்கவில்லை. சட்டம் நழுவியதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு நாளில் தன் வேறொரு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஓர் அடையைக் கொண்டுவந்து வைத்தார். “ஏத்துக்கிட்டா இதுல ஒரு புழுவ ராணியாக்க அறை கட்டும். பதினஞ்சு நாள் பெட்டி மேல கை வெக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

நான்காம் நாள் அவரே வந்து பார்த்தார். ஒரே ஓர் அறை கட்டியிருந்தது. என் மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள். பிறகு எனக்கும் கொடுத்தாள்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். எதிரில் நாற்காலி போட்டு, வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்குப் பதினெட்டு. பதினான்கு. ஒன்பது. மகரந்தத்தோடு வந்தவை மூன்று, பிறகு ஒன்று, பிறகு இல்லை. முதலில் தேனீயே வேண்டாம் என்றிருந்த என் மனைவி சர்க்கரைப் பாகு காய்ச்சி, ஆறவைத்து, தேனீக்கள் மூழ்காதபடி கிண்ணத்தில் குச்சிகள் மிதக்கவிட்டு, தானே கொண்டுவந்து வைத்தாள். “குடிக்குதா?” என்று கேட்டாள். குடித்தவை ஏழு.

பதினாறாம் நாள் திறந்தேன். அறையின் நுனி வட்டமாகத் திறந்திருந்தால் ராணி வெளியே வந்துவிட்டது, பக்கவாட்டில் கிழிந்திருந்தால் தேனீக்களே அதைக் கொன்றுவிட்டன என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். பக்கவாட்டில்தான் கிழிந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அடையில் மிச்சமிருந்தவை இருநூறு இருக்கும், பாதிக்கு மேல் ஆண்கள்.

போனில் சொன்னேன். “அவ்வளவுதானுங்க” என்றார் அவர். “அடையில மெழுகுப்பூச்சிப் புழு விழுகறதுக்குள்ள பெட்டியக் கழுவிக் காய வெச்சுருங்க.”

அப்போதுதான் சொன்னேன். “அம்மா, முதல்ல சட்டம் என் கையிலேருந்துதான் விழுந்தது. செத்ததை எல்லாம் பார்க்காம தள்ளிட்டேன்.”

“தெரியுமுங்க ஐயா. மூலை ஒடிஞ்ச அடையப் பாத்தனுங்களே.”

அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் இன்னோர் அடையைப் பஸ்ஸில் சுமந்து வந்திருக்கிறார். அவரே போனை வைத்தார்.

பெட்டியை நான் உடனே கழுவவில்லை. பாகு வைத்தபடி இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தோம். கடைசிக் காலையில் ஒன்பது தேனீக்கள் அந்தக் கிழிந்த அறையின் மேல் நெருங்கி உட்கார்ந்திருந்தன. மறுநாள் அவை தரையில் கிடந்தன. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடியடி மண்ணில் போட்டேன்.