நொச்சி வைத்த கன்னம்

அக்காவை அவள் புருஷன் முதல் தடவை அடித்ததை மறைத்துக் கொடுத்தது நான்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் என்மேலேயே தீரவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நொச்சி இலையைப் பற்றித்தான் என் வேலை. எலியின் பாதத்தில் ஊசி போட்டு வீங்க வைப்போம். பிறகு இலைச்சாற்றின் சத்தைக் கொடுத்து, வீக்கம் எவ்வளவு வடிகிறது என்று மணிக்கொரு தரம் அளப்போம். வடிந்தால் எனக்குத் தலைகால் புரியாது.

அக்காவைக் குஜிலியம்பாறைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். ஒரு வியாழக்கிழமை பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். சோறு ஆறிப்போச்சு என்று சொம்பால் அடித்திருக்கிறான். கன்னம் வீங்கி ஒரு கண் திறக்கவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்கோ வேறு கவலை.

"ஞாயித்துக்கெழம பூசைக்குள்ள வடியணும்டி. கோயில்ல அம்புட்டுப் பேரும் பாப்பாக."

எங்கள் வீட்டு வழக்கமே அப்படித்தான். அடி விழுந்தால் முதலில் ஊர்க் கண்ணுக்கு மறைக்க வேண்டும். நியாயமெல்லாம் பிறகு. போட்டோ எடுக்கப் போனேன், அம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். நான் நொச்சியை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன், மஞ்சளோடு அரைத்துப் பற்றுப் போட்டேன். மூன்று நாள் விடவில்லை. ஞாயிறு காலை வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. மிச்சமிருந்த கன்றலை அம்மா பவுடர் பூசி மறைத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

பூசை முடிந்து எங்கள் வீட்டிலேயே இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பஞ்சாயத்துப் பேச உட்கார்ந்தார்கள். அவனும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான்.

"நான் எங்க அடிச்சேன்? காட்டச் சொல்லுங்க."

எங்கள் பெரியப்பா அக்காவின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுந் தெரியலையேத்தா. புருஷன் பொண்டாட்டின்னா கை நீளத்தான் செய்யும். கெளம்பு."

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே அவனோடு அனுப்பிவிட்டார்கள். பாவி, நான் வாயைத் திறக்கவில்லை.

மாதம் ஒன்று ஆவதற்குள் அக்கா மறுபடியும் வந்தாள். உலக்கையால் அடித்திருக்கிறான். இடது தாடை பொம்மென்று வீங்கி, உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அவனை அதே உலக்கையால் மண்டையைப் பிளக்க வேண்டும் போல் எனக்குக் கை துடித்தது. அதற்குள் அம்மா வாணலியில் நொச்சியை வதக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஓங்கி ஒரு உதை விட்டேன். வாணலி சுவரில் மோதி, இலையெல்லாம் சிதறியது.

"ஏண்டி, பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று அம்மா கத்தினாள்.

"யாரும் ஒரு இலை வைக்கக் கூடாது. டாக்டர் கண்ணால பாக்கட்டும். போலீஸ் பாக்கட்டும்."

ஆட்டோவில் போகும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உசுரு போகுதுடி. வண்டிய வீட்டுக்குத் திருப்பச் சொல்லு, செத்த நேரம் எல வச்சுட்டுப் போவோம். ஒனக்குத்தான் தெரியுமே."

"மாட்டேன்" என்றேன். அவள் கெஞ்சக் கெஞ்ச எனக்கு வெறிதான் ஏறியது. அவன்மேல் வந்த வெறியா, அவள்மேலா என்று அப்போது தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தாடை எலும்பில் விரிசல். டாக்டர் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு, "வலிக்கு வீட்டுல எதுவும் போடலையாம்மா?" என்று கேட்டார்.

"இவ போட விடல" என்றாள் அக்கா.

அந்தக் காகிதத்தை வைத்துத்தான் கேஸ் போட்டோம். அக்கா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள், திரும்பிப் போகவே இல்லை. குளிர் நாளில் அவளுக்குத் தாடை இன்னும் வலிக்கும். அதை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லுவாள். நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள்.