ஸ்கிரிம்ப் அத்தை

ஏற்காட்டு மிஷன் பள்ளி விடுதியில் என்னைச் சேர்த்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா இல்லை. அப்பா சேலத்தில் வேறு குடும்பத்தோடு இருந்தார். என்னை வளர்த்தது அப்பாவின் அக்கா. நாகலூரில் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அத்தைக்கு என்னை விட்டால் ஆளில்லை, எனக்கும் அப்படித்தான்.

விடுதியில் நாற்பது பெண்கள். என் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இருவரும் என்னைத் தாண்டித்தான் பேசிக்கொள்வார்கள், நடுவில் ஒரு தலையணை கிடப்பதைப் போல. ஒரு நாள் முழுக்க யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, வாய் இருக்கிறதா என்று பார்க்கக் குழாயடியில் என் பெயரை நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் ஆங்கில டீச்சர் கரும்பலகையில் 'ஸ்கிரிம்ப்' என்று ஒரு வினைச்சொல்லை எழுதினார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் கஞ்சன், அவன் அடுத்தவருக்குக் கொடுக்காதவன். இது வேறு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தனக்குத் தானே குறைத்துக்கொள்வது என்றார். எதில் குறைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். சாப்பாட்டில், துணிமணியில் என்று ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார்.

மற்றவர்கள் கூரையைப் பார்த்து யோசித்தார்கள். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் அத்தை தீக்குச்சியில் ஸ்கிரிம்ப் செய்கிறாள் என்று எழுதினேன். தீக்குச்சியில் எப்படி என்று டீச்சர் கேட்டார். பிளேடால் குச்சியை மருந்தோடு நெடுக இரண்டாகப் பிளப்பாள் என்று எழுந்து நின்று செய்து காட்டினேன். வகுப்பே சிரித்தது. நான் பேசி யாராவது சிரித்தது அந்தப் பள்ளியில் அதுதான் முதல் தடவை.

இடைவேளையில் ஐந்தாறு பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். இன்னும் சொல், இன்னும் சொல் என்றார்கள். சொன்னேன். எஸ்டேட்டே காப்பியாய்க் காய்த்துக் கிடக்க, அத்தை காப்பிச் சக்கையை வெயிலில் உலர்த்தி மறுபடி கொதிக்கவைப்பதைச் சொன்னேன். வந்த கடித உறையைப் பிரித்து உள்பக்கம் வெளியே வரும்படி ஒட்டி எனக்குக் கடிதம் போடுவதைச் சொன்னேன். கட்டைப் பென்சிலை மூங்கில் குச்சியில் செருகிக் கொடுத்ததைச் சொன்னேன். அத்தையைத் தினம் ஒரு துண்டாக விற்றுத்தான் தோழிகளைச் சம்பாதித்தேன். சரக்கு தீர்ந்தபோது பொய்யும் சேர்த்தேன். ஒரே முட்டையை இருவரும் இரண்டு நாள் தின்போம் என்றேன். உண்மையில் எனக்கு எப்போதும் முழு முட்டைதான். அத்தை முட்டை தின்று நான் பார்த்ததில்லை. அது ஏன் என்று யோசித்ததுமில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டார் வந்து பார்க்கலாம். அத்தை ஒரு மாதமும் தவறியதில்லை. எல்லாவற்றிலும் இழுத்துப் பிடிப்பவள், என்னைப் பார்க்க வர மட்டும் பஸ் கட்டணத்துக்கு யோசித்ததே கிடையாது. அந்த ஞாயிறும் வந்தாள். கூடையில் கமலா ஆரஞ்சு.

எனக்குத் தோழிகள் சேர்ந்துவிட்டதைக் கண்டு அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. பழங்களை அவர்களுக்கே முதலில் கொடுத்தாள். பெங்களூர்க்காரி ஒருத்தி பழத்தை உரித்துவிட்டு, தோலைத் தூக்கிப் போடலாமா, இல்லை வேண்டுமா என்று மிகப் பணிவாகக் கேட்டாள்.

"குடு கண்ணு. காய வெச்சுப் பயத்தம் மாவுல போட்டு அரைச்சா மேலுக்குத் தேய்க்க நொம்ப நல்லது" என்று அத்தை முந்தானையை ஏந்தினாள்.

அவர்களால் அடக்க முடியவில்லை. ஒருத்தி காற்றில் தீக்குச்சியைப் பிளந்து காட்டினாள். இன்னொருத்தி, முட்டை இன்றைக்கா நாளைக்கா என்றாள். "ஸ்கிரிம்ப் அத்தை, ஸ்கிரிம்ப் அத்தை" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போனார்கள். நான் கூடையில் மிச்சமிருந்த பழங்களை எண்ணத் தொடங்கினேன்.

அத்தை முந்தானையிலிருந்த தோல்களைப் பார்த்தாள். பிறகு அவற்றைக் கூடையில் போடாமல், எழுந்து போய் வேலியோரம் கொட்டிவிட்டு வந்தாள். அத்தை எதையாவது கொட்டி நான் அன்றுதான் பார்த்தேன்.

"அந்த இங்கிலீசு வார்த்தைக்கு என்ன அர்த்தம் சாமி?" என்று கேட்டாள்.

"சிக்கனமானவங்கன்னு அர்த்தம். நல்ல வார்த்தைதானுங்க அத்தை."

"நல்லதுதான். புள்ளைங்களும் நல்ல புள்ளைங்கதான். அவுங்களோட சேர்ந்தே இரு கண்ணு, தனியா உக்காந்துக்காதே" என்றாள். என் தலையைக் கோதிவிட்டு, வழக்கமான பஸ்ஸுக்கு ஒரு பஸ் முன்னதாகவே கிளம்பினாள்.

அடுத்த மாதம் அத்தை வரவில்லை. நாகலூர் பஸ் கண்டக்டர் வாசலில் ஒரு பையைக் கொடுத்து, அத்தைக்கு வேலை இருக்கிறதாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டில் பழம் பறிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். பையில் வகுப்பு முழுவதற்கும் போதுமான ஆரஞ்சு இருந்தது. சீவாத முழுப் பென்சில் இரண்டு இருந்தன. கடிதம் கடையில் வாங்கிய புது உறைக்குள் இருந்தது. அதைத் தோழிகளுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அதற்கடுத்த மாதமும் பைதான் வந்தது. அதற்குள் 'ஸ்கிரிம்ப் அத்தை' பழங்கதையாகிவிட்டது. புதிய கதை என்னிடம் இல்லை, தோழிகளும் இல்லை. ஞாயிறு முழுக்க அவரவர் வீட்டாரோடு அவரவர் உட்கார்ந்திருக்க, நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாகலூர் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் காசை மிச்சம் பிடிக்கிறாள் என்று அத்தை மேல் அப்படியொரு கோபம் வந்தது.

ஆண்டுப் பரீட்சையில் அதே சொல்லுக்கு வாக்கியம் கேட்டிருந்தார்கள். என்னைப் பார்க்க வருவதில் என் அத்தை ஸ்கிரிம்ப் செய்கிறாள் என்று, அவள் அனுப்பிய புதுப் பென்சிலால் எழுதினேன். பிழை ஒன்றுமில்லை என்று டீச்சர் முழு மதிப்பெண் போட்டிருந்தார்.