ஆணியில் தொங்கிய கோப்பை

நுவரெலியா ஆஸ்பத்திரியில் என் மகளைத் தலை தாழப் படுக்கவைத்து, நர்ஸ் முதுகைத் தட்டினார். சளி இளகும் அந்தக் கரகரப்பைக் கேட்டதும் அத்தை ஞாபகம் வந்தது.

என் சின்ன வயதில், ராகலைத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், அத்தை தினமும் காலையில் இப்படித்தான் கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு இருமுவார். அப்படிப் படுத்தால் மூச்சு லேசாகும் என்று அவராகவே கண்டுபிடித்திருந்தார். நாங்களோ காசநோய் என்று முடிவு செய்து, அவருடைய தேத்தண்ணிக் கோப்பையை வாசல் ஆணியில் தனியாக மாட்டியிருந்தோம்.

“முதுகக் கொஞ்சம் தட்டிவிடு புள்ள” என்பார்.

“ஒட்டிக்கும் அத்தை” என்று ஓடிவிடுவேன்.

“உங்க மகளுக்கு மூச்சுக்குழாய் விரிஞ்சுபோச்சு, இனி பழையபடி ஆகாது. ஆனா யாருக்கும் ஒட்டாது. வீட்டுல நீங்கதான் தட்டிவிடணும்” என்றார் டாக்டர்.

கையைக் குவித்து மகளின் முதுகில் தட்டினேன்.

அத்தை கேட்டது இவ்வளவுதான்.