நான் பிடுங்கி எறிந்த குழைகள்

என் பிள்ளை வரவேண்டிய பாதையை என் கையாலேயே அழித்துவிட்டு, பிறகு கரையில் நின்று "ஆண்டவரே" என்று கதறியவள் நான். இதைச் சாட்சி என்பதா, பாவ அறிக்கை என்பதா என்று எனக்கே தெரியவில்லை. பிரியமானவர்களே, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நானும் என் கணவர் ஸ்டீபனும் நாகர்கோவில் பக்கமிருந்து இலங்கைக்கு ஊழியத்துக்கு வந்து இது மூன்றாவது வருடம். நெடுங்கேணியிலிருந்து உள்ளே, காட்டோரம் ஒரு சின்னக் கிராமம். கூடவே எங்கள் மகள் ஜெனி, ஆறு வயது. அங்கேயும் தமிழர்தானே, என்ன பெரிய கஷ்டம் என்றுதான் வந்தேன். வந்த நாள் முதல் தலை சுற்றிக்கொண்டே இருக்கிறது. யானை வந்து வாழைத்தோட்டத்தை மிதித்துவிட்டுப் போகும். சனமோ சொந்தக்காரர் வந்துபோனது மாதிரி அதைப் பற்றிப் பேசிக்கொள்ளும். இயேசுவைப் பற்றிச் சொன்னால் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக் கணபதிப்பிள்ளை அண்ணர், வயல் செய்கிறவர், நான் கொடுத்த இயேசு படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டி, பூவும் வைத்துவிட்டார். நான் சந்தோஷப்படுவதா, அழுவதா? ஸ்டீபன் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குச் சோறு கிடைத்ததே பெரிய காரியம்.

போன மார்கழியில் மூன்று நாள் விடாமல் மழை. செவ்வாய்க்கிழமை காலையில் ஜெனியின் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஸ்டீபன் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி நெடுங்கேணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகிற ஒரே பாதை எங்கள் ஊர்க் குளத்தின் வானைக் கடந்துதான் போகிறது. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற இடத்தைத்தான் இங்கே வான் என்கிறார்கள். அவர்கள் போகும்போது அங்கே பாதம் நனையும் அளவுதான் தண்ணீர்.

பத்து மணிபோல, மழை கொஞ்சம் விட்டதும், குளத்துப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். வானைக் கடக்கும் இடத்தில், பாதையின் இரண்டு ஓரமும் இலையோடு முறித்த பச்சைக் குழைகள் வரிசையாகக் குத்தியிருந்தன. குளக்கட்டில் மரத்தடியில் ஐயனார் கல் ஒன்று உண்டு. காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு குழையை முறித்து அதன் முன்னால் வைத்துவிட்டுப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஓகோ, இப்போது பூசை பாதை வரைக்கும் வந்துவிட்டதா! பிள்ளையை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன். "இயேசுவின் நாமத்தில்" என்று சொல்லிச் சொல்லி ஓடுகிற தண்ணீரில் எறிந்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. யுத்தத்தில் ஜெயித்தவள் மாதிரி வீட்டுக்கு வந்து துணி காயப்போட இடம் தேடினேன்.

மழை மறுபடி கொட்டியது. மூன்று மணியிருக்கும், கணபதிப்பிள்ளை அண்ணரின் மனைவி மங்கை அக்கா வேலியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை, வான் பாயுது! தம்பியும் பிள்ளையும் இன்னும் வரேல்லையோ?"

ஓடினேன். பாதையைக் காணோம். ஒரே கலங்கல் தண்ணீர், முழங்காலுக்கு மேல், இரைந்துகொண்டு போகிறது. அந்தக் கரையில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஸ்டீபன் நிற்கிறார். தோளில் ஜெனி, தலை தொங்கிப்போய்க் கிடக்கிறாள். பின்னால் காடு. வந்த வழியிலும் வெள்ளம் ஏறிவிட்டதால் திரும்ப முடியவில்லை என்று பிறகு சொன்னார். அவருக்கு நீச்சல் தெரியாது. பாதைக்குக் கீழ்ப்பக்கம் ஆளை மூடுகிற பள்ளம்.

கணபதிப்பிள்ளை அண்ணர் என் பக்கத்தில் வந்து நின்று தண்ணீரையே பார்த்தார்.

"விடியக்காலமை குழை குத்திவிட்டனான். வெள்ளம் ஏறினாலும் பாதையின்ர கரை தெரியட்டும் எண்டு. ஒண்டையும் காணேல்லை. மாடு திண்டிட்டுதோ?"

ஐயோ, எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பக்கம் ஸ்டீபன் ஒரு காலை எடுத்துத் தண்ணீரில் வைக்கிறார், குழம்பி, திரும்ப எடுக்கிறார். நான் வானத்தைப் பார்த்துக் கத்தினேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்! யாரையாவது அனுப்பும்!" வேறு வார்த்தையே வரவில்லை. என்மேல் இருந்த வெறுப்பில், இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்றும் தோன்றியது.

அண்ணர் சாரத்தை மடித்துக் கட்டினார். பக்கத்து வீட்டு வளவுக்காரரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒரு நீளத் தடியால் ஊன்றிப் பார்த்து, காலால் தடவி, பாதையின் கரையைக் கண்டுபிடித்து, நாலடிக்கு ஒருவராய் நிறுத்திக்கொண்டே போனார். "இதில நில்லு. அசையாதை." நடுவில் நின்றது மங்கை அக்கா. மழை முகத்தில் அடிக்க, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, எங்களுக்கு மேல்பக்கத்தால வாங்கோ! பிள்ளையை இறுக்கிப் பிடியுங்கோ!" என்று அண்ணர் கத்தினார்.

ஸ்டீபன் இறங்கினார். பாதி வழியில் கால் சறுக்கியது. மங்கை அக்கா சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஒவ்வொருவரும் கை மாற்றிப் பிடித்து அவரைக் கரை சேர்த்தார்கள். ஜெனி என் கைக்கு வந்து, "அம்மா, ஊசி போட்டாங்க" என்றாள். அவ்வளவுதான், நான் சேற்றில் முழங்கால் போட்டுவிட்டேன்.

ஸ்தோத்திரம் சொல்லி நிமிர்ந்தால், அண்ணர் ஐயனாருக்குக் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருக்கிறார். என் தலை மறுபடி சுற்றியது.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். பழி மாட்டின் மேல்தான். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட, மாட்டை வீணாய்ப் பேசிப்போட்டம்" என்றார் மங்கை அக்கா. சிரிக்கவில்லை.

அண்ணரின் முகம் இறுகியது. "ஐயனாருக்கு எண்டா ஒண்டு போதும். வரிசையாய்க் குத்தினா அது வெள்ளத்துக்கு. ஒரு சொல் கேட்டிருக்கலாமே, பிள்ளை."

"உங்க சாமிக்குனு நினைச்சுத்தான் பிடுங்கினேன் அண்ணா. உங்களுக்கு என்மேல கோபம் வரலியா?"

"வராமல் என்ன? மழைக்குள்ள நிண்டு முறிச்ச குழையெல்லோ." பிறகு சொன்னார். "நீங்கள் யாரையாவது அனுப்பச் சொல்லிக் கத்தினியள். பக்கத்தில நான்தானே நிண்டனான்."

அந்த வார்த்தையை இன்றுவரைக்கும் என்னால் தாண்ட முடியவில்லை. நான் வானத்தைப் பார்த்துக் கேட்டேன்; கர்த்தர் என் தோளுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஆளை நிறுத்தியிருந்தார். அந்த ஆள் ஐயனாருக்குக் கற்பூரம் ஏற்றுகிறவர். இதை எப்படி விளங்கிக்கொள்வது? இப்போதெல்லாம் எதிலும் கை வைக்குமுன் அண்ணரிடம் கேட்கிறேன். வாய் குறைந்திருக்கிறது. என் பிள்ளை உயிரோடு பக்கத்து வளவில் விளையாடுகிறாள். அதற்காகத் தினமும் கர்த்தரைத் துதிக்கிறேன்.

எல்லாம் விளங்கின பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்கிறவர்களே, காத்திருக்காதீர்கள். குழப்பத்தோடே கூப்பிடுங்கள், தப்பு உங்கள் பேரில் இருந்தாலும் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறார். கூப்பிட்ட கையோடு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.