தம்பி நடிக்கிறான் என்று நினைத்தோம்

செங்கல்பட்டில் பேய்ப்படம் பார்த்துவிட்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். படத்தில் பேயைக் கண்ட காமெடியன் குரல் வராமல் கை நீட்டி நிற்பதை, பஸ்ஸில் என் தம்பி நடித்துக்கொண்டே வந்தான்.

கடற்கரையிலும் திடீரென வாய் பிளந்து, எனக்குப் பின்னால் கை நீட்டினான். சிரித்தோம்.

"இன்னா மச்சான், பேய் இங்கயும் வந்துகினு கீதா?" என்றார் என் கணவர்.

பஸ்ஸில் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடித்தவன், இப்போது எங்களைப் பார்க்கவே இல்லை. அதைக் கவனித்த பிறகுதான் திரும்பினேன். மணலில் விளையாடிக்கொண்டிருந்த என் நான்கு வயது மகள் கழுத்தளவு நீரில் இருந்தாள். திரும்பும் அலை அவளை உள்ளே இழுத்தது. ஓடிப்போய்க் கவுனைப் பற்றி இழுத்தேன்.

"கத்தத்தான் பாத்தேன்க்கா, சத்தமே வர்ல" என்று தம்பி அழுதான்.

இப்போதெல்லாம் யார் கை நீட்டினாலும் முதலில் அந்தப் பக்கம் பார்க்கிறேன். அதன் பிறகே சிரிக்கிறேன்.